அஞ்சலையின் அட்டையில் என் கையெழுத்து

"வாயத் தெறங்க அங்கிள். நாக்க மேல தூக்குங்க. ம்... இப்ப அந்தப் பக்கம்."

நாற்பத்தாறு வயதில், ஒரு வார்டு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, என்னில் பாதி வயதுகூட இல்லாத ஒரு நர்சிடம் நான் வாயைத் திறந்து காட்டினேன். மாத்திரைகள் உண்மையிலேயே உள்ளே போயினவா, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறேனா என்று அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். முதலில் பார்த்தாள், பிறகு போட்டாள். அந்த வரிசை என் கண்ணை உறுத்தியது.

காரணம் இருக்கிறது. மலேசியாவில் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடம் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்தவன் நான். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, நான்கு கட்டில், ஒரு மருந்து அலமாரி, அவ்வளவுதான். டாக்டர் மாதத்தில் இரண்டு தடவை காரில் வந்து போவார். மற்ற நாட்களில் சனங்களுக்கு நான்தான் டாக்டர். 'டிரெஸ்ஸர் ஐயா' என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கிறவர்கள்கூட நகர்ந்து வழி விடுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் எனக்கு இருமல் வந்தது. எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். முதல் வாரம் இருமல் மருந்து, இரண்டாவது வாரம் வேறொரு இருமல் மருந்து, மூன்றாவது வாரம் அந்த இரண்டையும் கலந்து. சாயங்காலம் ஆனால் உடம்பு காய்ந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. என் மனைவி பரமேஸ் பாயைத் தட்டி விரிக்கும்போதெல்லாம் சொன்னாள்: "இது சும்மா தடிமன் இருமல் இல்லையப்பா. கிள்ளானுக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுங்கோ."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன கணக்கு எழுதுற கிராணி வேலையா பார்க்கிறன்?" என்று எரிந்து விழுந்தேன்.

ஒரு காலையில் பல் தேய்த்துத் துப்பியபோது பேசினில் சிவப்பாக வந்தது. பேஸ்ட்டின் நிறமாக இருக்கும் என்று ஒரு நிமிடம் எனக்கே பொய் சொல்லிப் பார்த்தேன். பேஸ்ட் வெள்ளை. அன்றே கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். வலது நுரையீரலின் உச்சியில் ஐம்பது காசு அளவில் ஒரு வெள்ளைத் திட்டு, அதன் நடுவில் ஒரு ஓட்டை. கிருமி சதையைத் தின்று குகை மாதிரி ஆக்கிவிட்ட இடம் அது. மூன்று நாள் காலைச் சளியை டப்பாவில் பிடித்துக் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் மூன்றிலும் கிருமி இருந்தது. காசநோய். எத்தனையோ பேரிடம் நானே சொன்ன சொல். 'பயப்படாதே, மருந்து இருக்கு' என்று முதுகில் தட்டியும் அனுப்பியிருக்கிறேன். என் முதுகில் யாரும் தட்டவில்லை. கோலாலம்பூருக்குப் போகக் கடிதம் எழுதித் தந்தார்கள்.

தோட்டத்து மேனேஜரிடம் நிமோனியா என்று சொல்லிவிட்டு வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் என் அக்கா வீடு. பரமேஸும் மகளும் அங்கே தங்குவதாக ஏற்பாடு. வார்டில் சேருவதற்கு முந்தின நாள் அக்கா எனக்குத் தேநீர் தந்தாள். டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாதாம். இந்த நோய் இருமும்போது காற்றில் பரவுவது, டம்ளரில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதை அக்காவுக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. பரமேஸ் நான் குடித்து வைத்த டம்ளரைக் கழுவி, அதிலேயே தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து குடித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம். அவளை அன்று நான் பார்த்த மாதிரி அதற்கு முன் பார்த்ததில்லை.

வார்டில் இருபத்து நான்கு கட்டில்கள். என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கம்போங் மேடானில் இருந்து வந்த லோரி டிரைவர். "அண்ணே என்ன வேலை?" என்று கேட்டார். "ஆபீஸ் வேலை" என்றேன். டிரெஸ்ஸருக்கே டிபியா என்று சிரித்துவிடுவார் என்ற பயம். காலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை. ஒன்று சிவப்பு, அது சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். மற்றவை வெள்ளை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். முதல் வாரம் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். இருபது வருடமாக இந்த மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறேன். அவை வயிற்றை என்ன செய்யும் என்று எனக்கு ஏட்டுப் படிப்பாகத்தான் தெரிந்திருந்தது.

சேர்ந்து எட்டாவது நாள், எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பெண்கள் வார்டிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தார்கள். பச்சை ஆஸ்பத்திரிச் சட்டை, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

"டிரெஸ்ஸர் ஐயா! நீங்களா? என்னா ஐயா இப்படி எளச்சிப் போய்ட்டீங்க?"

அஞ்சலை. எங்கள் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிறவள். முப்பது வயது இருக்கும். முந்தின வருடம் அவளுக்குக் காசநோய் என்று கண்டுபிடித்து அனுப்பியது நான்தான்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த நோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, பசி எடுக்கும். குணமாகிவிட்டது என்று நினைத்து நோயாளி மருந்தை விட்டுவிடுவார். ஒளிந்திருக்கிற கிருமி திரும்பவும் தலை தூக்கும். அதனால்தான் அரசாங்கத்தில் ஒரு முறை வைத்தார்கள். முதல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில். பிறகு நான்கு மாதம், திங்களும் வியாழனும், ஊரில் பொறுப்பான ஒருவர் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். விழுங்குவதைப் பார்த்த பிறகு அவர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தோட்டத்தில் அந்தப் பொறுப்பான ஒருவர் நான்.

வாரத்தில் இரண்டே நாள். அதைக்கூட நான் செய்யவில்லை.

தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டு. பேர் போட்டதும் லோரி ஏறிக் காட்டுக்குள் போய்விடுவார்கள். என் ஆஸ்பத்திரி ஏழரைக்குத் திறக்கும். அஞ்சலை மாத்திரைக்காக ஏழரை வரை காத்திருந்தால் அன்று அவள் பேர் விழாது, கூலியும் இல்லை. ஆக, நான்தான் மாத்திரையும் தண்ணீருமாக ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் போனேன். மூன்றாவது வாரம் மழை. அடுத்த வாரம் மழை இல்லை, சோம்பல். பிறகு அவளைக் கூப்பிட்டு ஒரு மாதத்து மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுத்து, "நீயே வீட்டுல திங்களும் வியாழனும் போட்டுக்கோ" என்றேன். அவள் கும்பிட்டாள். அடுத்த நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. சனங்களின் கஷ்டம் தெரிந்த டிரெஸ்ஸர் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அதைச் சாப்பிட்டேன்.

அட்டையை மாதத்தின் முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாக் கட்டங்களிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்று நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாற்றி மாற்றி. சில கட்டங்களில் பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தும் போட்டிருக்கிறேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அஞ்சலையின் அட்டை மட்டும் இல்லை. அந்த நாலைந்து வருடங்களில் என்னிடம் இருந்த ஏழு அட்டைகளும் அப்படித்தான்.

பெஞ்சில் அஞ்சலை சொன்னாள்: "படுத்து மூணு வாரம் ஆச்சு ஐயா. ஆறு மாசம் முடியறதுக்குள்ளயே சளியில மறுபடி பூச்சி வந்துருச்சாம்."

"மாத்திரையெல்லாம் சாப்பிட்டியா?" என்று கேட்டேன். என்ன துணிச்சல் எனக்கு!

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சாப்ட்டா காட்டுல கொமட்டிக்கிட்டு வந்துச்சு ஐயா. பம்பு தூக்க முடியல. ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது, ரத்தமோன்னு பயம். மைலோ டின்னுல போட்டு வச்சிருந்தேன். இங்க டாக்டரு கேட்டாரு, ஒழுங்கா சாப்ட்டியான்னு. ஆமான்னுட்டேன். அட்டையில ஐயா கையெழுத்து இருக்குல்ல. ஒங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல."

அவளே தொடர்ந்தாள்.

"இப்ப வேற ஊசி போடுறாங்க, தெனமும். காதுல வண்டு கத்துற மாரியே இருக்கு. பரவால்ல, நோவு போனா போதும்." பிறகு என் சட்டையைப் பார்த்தாள், அதே பச்சை. அவள் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்டேருந்துதான் ஒங்களுக்கு ஒட்டிக்கிச்சா ஐயா? மன்னிச்சிக்குங்க ஐயா."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன். நெஞ்சைப் படத்தகட்டில் அழுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை பிடிக்க முடியாமல் இருமினேன். டெக்னீஷியன் அலுத்துக்கொண்டார்.

அவளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. வார்டில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது. ஒருவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் கிருமி திரும்பினால், அந்த மருந்துக்குக் கிருமி மசியவில்லை என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேறு மருந்துக்கு மாறுவார்கள். அந்த ஊசி காது நரம்பைத் தின்னும், போன காது திரும்பாது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை டாக்டர்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த அட்டை. நீலமும் கறுப்புமாக என் கையெழுத்து. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் மறுநாளே ஊசியை நிறுத்திவிடுவார்கள்.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். வேலை போகும். தோட்டத்து வீடு போகும். மகளுக்கு அந்த வருடம் பரீட்சை. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். அவள் கீழே கேட்டருகே நின்று, தூக்குச் சட்டியை அம்மாவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு மேலே பார்த்துக் கையசைப்பாள். நானும் ஜன்னலில் நின்று அசைப்பேன். அப்பா டிரெஸ்ஸர் என்று பள்ளியில் சொல்லிக்கொள்கிற பிள்ளை. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது, எல்லாமே நல்ல காரணங்கள். ஒன்பது நாள் போனது. அவளுக்கு ஒன்பது ஊசி.

பத்தாவது நாள் டாக்டர் லிம் என் கட்டிலுக்கு வந்தார். இளம் வயது. ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். நான் யார் என்று என் ஃபைலில் பார்த்திருக்கிறார். கையில் ஒரு கட்டு அட்டை. தோட்டப்புறங்களில் இந்தக் கண்முன் மருந்து கொடுக்கும் முறை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று ஆராய்கிற வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்களாம்.

"முக்கால்வாசி அட்டைகளில் பாதிக் கட்டம் காலி" என்றார். "உங்களுடையதில் ஒன்றுகூட விடுபடவில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று சொன்னால் மற்றத் தோட்டங்களுக்கும் எழுதி அனுப்பலாம்."

லோரி டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "ஓ, அண்ணன் டிரெஸ்ஸரா? சொல்லவே இல்லியே லா!"

டாக்டர் மேலே இருந்த அட்டையை என் மடியில் வைத்தார். அஞ்சலையுடையது. என் கண் நேராக ஒரு கட்டத்தில் போய் விழுந்தது. ஒரு வியாழக்கிழமை. தைப்பூசம்.

அன்று தோட்டமே பத்துமலை முருகன் கோயிலில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே லோரி பிடித்துப் போய்விட்டோம். நானும் போனேன். ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். மஞ்சள் சேலையில் அஞ்சலை பால்குடம் எடுத்துப் படியேறியதை, இரண்டு தடவை நின்று இருமியதை, நான் கீழே நின்று பார்த்தேன். அன்றைய கட்டத்தில் கறுப்பு மையில் என் கையெழுத்து இருக்கிறது. டாக்டர் லிம்முக்கு அது இன்னொரு வியாழன். கவனித்திருக்கவே மாட்டார்.

விரலை அந்தக் கட்டத்தில் வைத்தேன். "இது பொய்" என்றேன். "இந்த ஒன்று மட்டும் இல்லை. முதல் நாலு கட்டம்தான் உண்மை. மீதியெல்லாம் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, முன்கூட்டியே போட்டவை. அவள் சாப்பிடவில்லை. உங்களிடம் எனக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறாள். அந்த ஊசியை நிறுத்துங்கள்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அட்டையை மடியிலிருந்து எடுத்து, கட்டைச் சீராக அடுக்கினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மற்ற ஆறு பேர்?"

ஒரு தாள் கொடுத்தார். ஆறு பெயர்களையும் எழுதினேன். இருவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், முகவரி தெரியாது. ஒருவர் இறந்துவிட்டார். சாவுக்குக் காரணம் ஆஸ்துமா என்று அப்போது எழுதியிருந்தேன். அதையும் எழுதினேன்.

மறுநாள் அஞ்சலைக்கு ஊசி நின்றது. பழைய மாத்திரைகளையே முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பின்னால் சோதனை முடிவு வந்தபோது, பழைய மருந்து எல்லாவற்றுக்குமே அவளுடைய கிருமி சாகக்கூடியதுதான் என்று தெரிந்தது. அந்த ஊசி அவளுக்கு வேண்டியதே இல்லை. மேனேஜருக்குக் கடிதம் போனது, வேலையும் வீடும் போயின. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். என் நுரையீரலின் ஓட்டை மூடிவிட்டது. இது எதற்கும் நான் யாரிடமும் குறைபட்டுக்கொள்ள முடியாது.

டாக்டரிடம் சொன்ன அன்று சாயங்காலம் பரமேஸ் வந்தாள். முருங்கை இலை சூப் கொண்டுவந்திருந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். வீடு போய்விடும் என்று சொன்னபோதுகூடக் கை நிற்கவில்லை. முடித்ததும், பெரிய பாரத்தை இறக்கிவிட்டவன் மாதிரி தலையணையில் சாய்ந்தேன்.

"டொக்டரிட்டச் சொன்னது சரி" என்றாள். "அந்தப் பிள்ளையிட்டச் சொன்னீங்களோ?"

"டாக்டர் சொல்லுவார்தானே."

அவள் சூப்பை மூடி வைத்துவிட்டாள். "குடிக்கிறதுக்கு முதல் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

பார்வையாளர் நேரம். பெண்கள் வார்டு நிறையச் சனம், கட்டிலுக்குக் கட்டில் ஆரஞ்சுப் பழமும் பிளாஸ்க்குமாக. பந்திங் பக்கத்து முகங்களும் இரண்டு மூன்று தெரிந்தன. எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி யாரையோ பார்க்க வந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அஞ்சலை கடைசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "வாங்க ஐயா, வாங்க" என்று கால்களை மடக்கி இடம் விட்டாள்.

நான் உட்காரவில்லை. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். அட்டையில் பொய்க் கையெழுத்துப் போட்டேன், அதை நம்பித்தான் உனக்கு அந்த ஊசி, தெரிந்தும் ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன்.

அவள் முகத்தைச் சுளித்துக் கையைக் காதோரம் வைத்தாள். "என்னா ஐயா? கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனேன். திரும்பவும் சொன்னேன், மெதுவாகத்தான்.

"கொஞ்சம் சத்தமா, ஐயா."

நிமிர்ந்தேன். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற குரலில் முதலிலிருந்து சொன்னேன். கையெழுத்து, ஊசி, ஒன்பது நாள், எல்லாம். பக்கத்துக் கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. மண்டோரின் மனைவி மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடக்கியிருந்த கால்களைக் கட்டிலில் நீட்டிக்கொண்டாள்.

"இப்பக் கேட்டுச்சு" என்றாள். 'ஐயா' என்று சேர்க்கவில்லை.